ஜபருல்லா ஆன்லைனில் இருக்கிறார்

ஜபருல்லா மவுத்தாகி இரண்டு மாதம் முடிந்துவிட்டது. அவருடைய போன் நம்பர் மட்டும் இன்னும் சாகவில்லை.

கேஸ், ஆதார், ரேஷன் கார்டு, கரண்ட் பில் எல்லாமே அந்த நம்பரில்தான் இருந்தன. எதைத் தொட்டாலும் ஓடிபி அங்கேதான் வரும். அதனால் மகன் தாரிக், அத்தாவின் பட்டன் போனிலிருந்த சிம்மைக் கழற்றி, அம்மாவுக்கு வாங்கிய புது ஸ்மார்ட் போனில் போட்டான். அந்த நம்பருக்கு வருகிற அழைப்புகளையெல்லாம் தன் போனுக்குத் திருப்பிவிட்டான். அதோடு அதை மறந்தும்விட்டான். உக்கடத்தில் அத்தா விட்டுப்போன மெத்தைக் கடையைத் தனியாளாகத் திறந்து சாத்துகிற இருபத்தாறு வயதுக்காரனுக்கு மறப்பதற்கு நிறைய இருந்தது.

அம்மா பக்ருன்னிசாவுக்கு அது முதல் ஸ்மார்ட் போன்.

கணவர் இறந்தால் மனைவி நாலு மாசம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. அந்நிய ஆண்கள் முன்னால் வரக் கூடாது. கோட்டைமேட்டு வீட்டின் பின்னறையில் ஒரு கட்டில், ஒரு ஃபேன், ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். "செவுத்தையே பாத்துட்டு இருந்தா அம்மாவுக்குப் பைத்தியம் புடிச்சிரும்" என்று மகள் அஃப்ராதான் அடம்பிடித்துப் போன் வாங்க வைத்தாள்.

அஃப்ராவுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அம்மாவுக்குப் பைத்தியம் எதுவும் பிடிக்கவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பக்ருன்னிசாவுக்கு இப்படி ஓர் அறை கிடைத்ததில்லை. கதவைச் சாத்திக்கொள்ளலாம். யாரும் டீ கேட்பதில்லை. ஃபேனை ஐந்தில் வைத்துத் தூங்கலாம். ஜபருல்லாவுக்கு ஃபேன் இரண்டுக்கு மேல் போனால் தலை வலிக்கும்.

அவர் போன துக்கம் துக்கம்தான். காலையில் கண் விழித்ததும் அது வந்து நெஞ்சின் மேல் உட்காரும். ஆனாலும் ஃபேன் ஐந்தில் ஓடியது. இதை யாரிடமும் சொல்ல முடியாது.

போன் வந்த புதிதில் அவளைப் படாத பாடு படுத்தியது. விரலை வைத்தால் ஒன்று திறந்தது, எடுத்தால் இன்னொன்று. காலேஜுக்குக் கிளம்புகிற அவசரத்தில் அஃப்ரா ஒரே ஒரு பாடம்தான் சொல்லிக்கொடுத்தாள்.

"எது கேட்டாலும் ஓகே குடுங்கம்மா. குடுத்தாத்தான் உள்ள விடும்."

கொடுத்தாள். நடப்பதைக் கணக்கெடுக்கிற ஆப் ஒன்று போனோடு வந்திருந்தது. தினமும் சாயங்காலம் அது, 'இன்று மிகக் குறைவாக நடந்திருக்கிறீர்கள். வெளியே சென்று காலார நடக்கலாமே!' என்றது.

"எங்கிட்டச் சொல்லாத. மதினிகிட்டப் போய்ச் சொல்லு" என்று அதை மூடினாள். மதினி என்றால் ஜபருல்லாவின் அக்கா, இத்தாவில் வாசற்படி தாண்ட விடாதவள்.

முகத்துக்கு நாய்க்காது வைக்கிற ஆப்பைத் திறந்தாள். தன்னைப் பார்த்து, வளையல் இல்லாத கையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். பிறகு யாராவது பார்த்துவிட்டார்களா என்று கதவைப் பார்த்தாள். மிட்டாய்களை உடைக்கிற விளையாட்டில் கண் எரிந்தது. கடைசியில் லூடோவில் போய் நின்றாள். சின்ன வயதில் தாயம் ஆடிய கைக்கு அது புதிதாக இல்லை. உருட்டு, நகர்த்து, வெட்டு, பழம். அவ்வளவுதான்.

இரண்டாம் நாளே, நாணயம் தீர்ந்துவிட்டது என்றது லூடோ. செல்லாத காசுதான், விளையாட்டுக்குள் மட்டும் ஓடுகிற காசு. 'நண்பர்களை அழைத்தால் இலவச நாணயங்கள்' என்று ஒரு பச்சைப் பொத்தான் துடித்துக்கொண்டிருந்தது. எது கேட்டாலும் ஓகே. அமுக்கினாள்.

சிம்மில் இருந்த அத்தனை பேருக்கும், ஜபருல்லா கடை போட்ட நாளிலிருந்து சேர்த்த அத்தனை நம்பருக்கும், ஜபருல்லாவின் நம்பரிலிருந்து செய்தி போனது.

'வாங்க, என்னோடு லூடோ ஆட வாங்க!'

ஜமாத் செயலாளருக்குப் போனது. கபர் தோண்டினவருக்குப் போனது. மேட்டுப்பாளையத்துச் சகலைக்குப் போனது. அவர் தாரிக்கைக் கூப்பிட்டு, "தம்பி, உங்கத்தா என்னைய வெளையாடக் கூப்பிடறாருப்பா" என்று நடுங்கினார். "யாரோ ஹேக் பண்ணிட்டாங்க, கண்டுக்காதீங்க" என்றான் தாரிக். அம்மாவிடம் கேட்க வேண்டும் என்று நினைத்தான். நினைத்ததோடு சரி.

ஒரே ஓர் ஆள்தான் ஆட வந்தது.

திரையில் 'டி.எம். பெருந்துறை' என்று ஆங்கிலத்தில் பெயர்; அவளுக்கு ஆங்கிலம் படிக்க வராது. படத்தில் பட்டுப்பாவாடை கட்டின சின்னப் பிள்ளை ஒன்று பல் விழுந்த வாயோடு சிரித்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலிருக்கிறது, இல்லாவிட்டால் அதன் அம்மாவாக இருக்கும் என்று பக்ருன்னிசா நினைத்துக்கொண்டாள். மத்தியானம் லுஹர் தொழுது, சாப்பிட்டு, கட்டிலில் சாய்ந்தால் அதுவும் சரியாக வந்துவிடும். நன்றாகத்தான் ஆடியது. ஆனால் அவளுடைய சிவப்புக் காய் வசமாக மாட்டினாலும் வெட்டாது. வேறு காயை நகர்த்திவிட்டுப் போகும். பக்ருன்னிசாவுக்கு எரிச்சலாக வந்தது.

"வெட்டேன்டி, பயந்தாங்கொள்ளி" என்பாள் திரையைப் பார்த்து.

இப்படியே ஒரு வாரம் ஓடியது.

வியாழக்கிழமை காலை, வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஜபருல்லாவின் அக்கா ஜொஹரா இறங்கினாள். கரும்புக்கடைப் பகுதியில் அவளுக்கு வீடு. கையில் அவளுடைய போன். ஆட்டோக்காரர் பின்னாலிருந்து ஒரு பெரிய பையை எடுத்துப் படியில் வைத்தார்.

நேராகப் பின்னறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"இப்பத்தான் சுஃப்யான் காட்டினான். எந்தம்பி போன வாரம் என்னைய லூடோ ஆடக் கூப்பிட்டிருக்கான். கண்ணாடியப் போட்டுப் படிக்கறேன், கை காலெல்லாம் வெலவெலத்துப் போச்சு பக்ரு."

அவளுடைய மகன் சுஃப்யான் அதைக் காட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டானாம். பக்ருன்னிசா போனை வாங்கிச் செய்தியைப் படித்தாள். மேலே 'தம்பி' என்று பெயர் இருந்தது. அவளுக்கு அப்போதுதான் புரிந்தது, அந்தப் பச்சைப் பொத்தான் என்ன செய்தது என்று.

"நானுங்க மதினி. தெரியாம அமுக்கிப்போட்டேன்."

"இத்தால இருக்கறவ ஏன் அமுக்கற?"

"எல்லாத்துக்கும் ஓகே குடுங்கன்னு அஃப்ரா சொன்னா."

"அவளுக்கென்ன, நரகத்துக்கு ஓகேவான்னு கேட்டாலும் குடுப்பா." ஜொஹரா மூச்சு வாங்கினாள். "அதுக்குள்ள எத்தன ஆம்பளைங்க நம்பர் இருக்குதுன்னு தெரியுமா? யாரு வர்றா, யாரு போறான்னு பாக்க முடியுமா?"

"ஆம்பளைங்ககிட்ட அவசியத்துக்குப் பேசலாம்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லியிருக்காருங்க."

"லூடோ அவசியமா?"



"சின்னப் புள்ள ஒண்ணுதான் ஆட வருது. பாருங்க" என்று படத்தைக் காட்டினாள் பக்ருன்னிசா.

ஜொஹரா பார்த்தாள். பல் விழுந்த பிள்ளையைப் பார்த்து அவள் முகம் கொஞ்சம் இளகியது. உடனே இறுகியது.

"அதெல்லாஞ் செரி. தாரிக் சாப்பாட்டுக்கு வரட்டும், போனக் குடுத்துரு. மிச்ச நாளைக்கு நான் இங்கயே இருந்துக்கறேன். இந்த ரூம்லயே ஒரு பாயப் போட்டுக்கறேன். உனக்கும் பேச்சுத்தொணையாச்சு."

மதினி கெட்டவள் இல்லை. ஆனால் விடிந்ததிலிருந்து பேசுவாள், தூக்கத்திலும் பேசுவாள். தம்பி சின்ன வயதில் என்ன சாப்பிட்டான், எங்கே விழுந்தான், எந்தப் பல் முதலில் முளைத்தது என்று ஆரம்பித்தால் மாலைத் தொழுகைக்கு அஸர் பாங்கு கேட்டாலும் நிறுத்தமாட்டாள். இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. இந்தக் கதவை இனிச் சாத்திக்கொள்ள முடியாது.

"எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்? சுஃப்யானுக்கு யாரு சோறாக்குவா? நான் லூடோவ அழிச்சரச் சொல்லிர்றேன். அந்தப் போனத் தொடவே மாட்டேன். நீங்க ஊட்டப் பாருங்க."

ஜொஹரா யோசித்தாள்.

"செரி. சாயங்காலம் வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ளருந்து ஒரு ஆம்பளக் குரல் எங்காதுல உழுந்துச்சுன்னு வையி, அப்புறம் நீ கையப் புடிச்சுத் தள்ளினாலும் போகமாட்டேன்."

அதே நேரம் உக்கடத்தில் தாரிக் ஒரு கல்யாண மெத்தைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தான். பொண்ணு வீட்டுக்காரர்கள் மூன்றாவது தடவையாக நிறத்தை மாற்றியிருந்தார்கள். நேற்றுச் சரியாகத் தூங்கவில்லை. அதற்கு முந்தின நாளும் இல்லை. புருவத்திலும் மீசையிலும் பஞ்சு ஒட்டியிருந்தது.

குப்பி கூப்பிட்டுப் பத்து நிமிஷம் பேசினாள். குப்பி என்றால் அத்தாவின் அக்கா, ஜொஹராதான். "வாரேன் குப்பி, வாரேன்" என்று வைத்தான்.

வைத்ததும் போன் மறுபடி அடித்தது. அத்தாவின் நம்பருக்கு வந்து அவனுக்குத் திரும்பின அழைப்பு. பெருந்துறை டி.எம்.

எடுக்கவில்லை. நிறுத்தவும் இல்லை. அடித்து முடியட்டும் என்று ஒரு தலையணைக்கு அடியில் செருகிவிட்டு உறையை மாட்டினான்.

"யாருங்க தம்பி, எடுக்கலீங்களா?" என்றார் பொண்ணு வீட்டுக்காரர்.

"கம்பெனிக்காரங்க. லோன் வேணுமான்னு கேப்பாங்க."

மத்தியானம் ஜொஹரா தொழுதுவிட்டு, சாப்பிட்டு, ஹாலில் பாய் விரித்துப் படுத்தாள். குறட்டை வரும்வரை பக்ருன்னிசா காத்திருந்தாள். பிறகு போனை எடுத்தாள். அழிக்கத்தான் எடுத்தாள். எப்படி அழிப்பது என்று தெரியவில்லை. தாரிக் வருவதற்குள் கடைசியாக ஓர் ஆட்டம் ஆடலாம் என்று தோன்றியது.

டி.எம். காத்துக்கொண்டிருந்தது போல உடனே வந்தது.

நாலைந்து உருட்டு ஆகியிருக்கும். போனுக்குள்ளிருந்து கரகரவென்று இரைச்சல் கேட்டது. மெஷின் ஓடுகிற சத்தம். அதற்கு மேல் ஓர் ஆண் குரல். வயசான குரல்.

"பாய்... கேக்குதுங்களா? இந்த மைக்க அமுக்குனா பேசலாம்னு பேத்தி சொல்லுச்சு. திருமூர்த்திங்க. பெருந்துறை."

பக்ருன்னிசா ஹால் பக்கம் காது கொடுத்தாள். ஹாலில் குறட்டை நிற்கவில்லை. சத்தத்தைக் குறைக்கிற பொத்தானை விரலால் தேடினாள்.

"நீங்க பேசோணும்னு இல்லீங்க. நான் பேசறேன், கேட்டா போதும். கூப்பிட்டா ஒரே ஒரு தடவ தம்பி எடுத்தாப்ல. அத்தா மெக்காவுக்கு உம்ரா போயிட்டாரு, அப்படியே அங்க சொந்தக்காரங்க ஊட்டுல தங்கியிருக்காருன்னாப்ல. அப்புறம் எடுக்கறதே இல்ல. செரி, பாய்க்கு மனசு கசந்துபோச்சு, இனி நம்ம மூஞ்சில முழிக்கமாட்டாருன்னு இருந்தனுங்க. அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

மெஷின் சத்தத்துக்கு மேல் அவர் குரலை உயர்த்தினார்.

"போன வாரம் வெளையாடக் கூப்பிட்டு உங்ககிட்டருந்து வருதுங்க. நம்பமாட்டீங்க பாய், கண்ணுல தண்ணி வந்துபோச்சு. பேச மனசில்லாட்டியும் வெளையாடக் கூப்பிட்டாரே மனுசன், அது போதும்னு. உங்க காய ஒருநாளும் வெட்டலீங்க. பாத்தீங்கல்ல?"

அவள் பட்டென்று ஆட்டத்தை மூடினாள். பெருந்துறையில் அந்த மனிதரின் திரையில் ஜபருல்லா வெளியேறிவிட்டார் என்று வந்திருக்கும்.

திருமூர்த்தியை அவள் நேரில் பார்த்ததில்லை. இருபது வருஷமாகக் கடைக்குப் பஞ்சு அனுப்புகிறவர். வருஷா வருஷம் பெருநாளுக்கு அவர் வீட்டிலிருந்து நிலக்கடலை மூட்டை வரும், இங்கிருந்து பிரியாணி போகும். மவுத்துக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று எல்லா வீட்டுப் பெண்களையும் போல அவளும் மனதில் குறித்து வைத்திருந்தாள். பெருந்துறைக்காரர் வரவில்லை. இத்தனை வருஷப் பழக்கத்துக்கு எட்டிக்கூடப் பார்க்கவில்லையே என்று அவளுக்கு ஒரு வருத்தம் இருந்தது.

எப்படி வருவார்? அவருக்கு யாரும் சொல்லவே இல்லை.

சாவுச் செய்தியைச் சொல்ல மறப்பது என்று ஒன்று கிடையாது. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிக்குக்கூட ஆள் விட்டுச் சொல்லுகிற ஊர் இது. ஒருத்தருக்குச் சொல்லாமல் விட்டால், இனி உனக்கும் எங்களுக்கும் ஒன்றுமில்லை என்று முடித்துவிட்டதாக அர்த்தம்.

தாரிக் சாப்பிட வந்தபோது ஜொஹரா இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு பின்னறைக்கே வந்து தரையில் உட்கார்ந்தான். அம்மா ரசத்தை ஊற்றினாள்.

"திருமூர்த்திக்கு ஏன் சொல்லல?"

பிசைந்த கை நின்றது.

"யாரு சொன்னா?"

"அவரேதான். லூடோல பேசினாரு."

தாரிக் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

"அந்த ஆளு அதுலயும் வந்துட்டானா?"

"இருபது வருசமா தெரிஞ்ச மனுசன். அவன் இவன்ங்காத. ஏன் சொல்லல?"

தாரிக் ஹாலை ஒருமுறை பார்த்துக்கொண்டான். குரலைத் தாழ்த்தினான்.

"அத்தா மவுத்தான அன்னிக்குக் காலைல ஒரு லோடு வந்துச்சும்மா. பஞ்சு பூரா ஈரம். அத்தா திருப்பி அனுப்பினாரு. இந்த ஆளு போனப் போட்டுக் கத்தறான். ஸ்பீக்கர்ல இருந்துச்சு, நான் பக்கத்துல நிக்கறேன். நீங்களே தண்ணியத் தெளிச்சுட்டு எம்மேல பழி போடறீங்க, இத்தன வருசத்துல இன்னிக்குத்தான் உங்க லட்சணம் தெரிஞ்சுதுன்னான். அத்தா திருப்பி ஒரு வார்த்தை பேசல. போன வச்சுட்டு மெத்தை மேல உக்காந்தாரு. தண்ணி குடுடான்னாரு. நான் கொண்டு வர்றதுக்குள்ள சாஞ்சுட்டாரு. மத்தியானம் உசுரு போயிருச்சு."

இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. பக்ருன்னிசா கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள்.

"அந்த ஆளுதாம்மா கொன்னான்."

"மாடிப்படில பாதில நின்னு நின்னுதான் ஆறு மாசமா ஏறினாரு உங்கத்தா. டாக்டர்ட்டப் போலாம்னா கேஸ் ட்ரபிளுன்னாரு. அதுக்கும் பெருந்துறைக்காரருதான் காரணமா?"

"நீங்க அந்தப் பேச்சக் கேக்கல."

"கேக்கலதான். அவ்வளவு ஆத்திரம் இருந்தா அன்னிக்கே கூப்பிட்டு, உன்னாலதான் செத்தாருன்னு சொல்லியிருக்கலாமல்ல?"

"சொன்னா என்ன? ஒரு நாள் அழுவான், மாலையத் தூக்கிட்டு வருவான், நாலு பேரு முன்னால எங்கையப் புடிப்பான். முடிஞ்சுது. சொல்லாம விட்டா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாப்பான். பாய் எடுக்கலையே, பாய் எடுக்கலையேன்னு தெனமும் நெனைப்பான். நெனைக்கட்டும்."

பக்ருன்னிசா மகனைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருப்பு. மீசையில் பஞ்சு. இரண்டு மாதமாக இவன் கடையை மட்டும்தான் சுமக்கிறான் என்று நினைத்திருந்தாள்.

"போனக் குடுங்க" என்று இடது கையை நீட்டினான். "லூடோவ எடுத்தர்றேன். அந்த ஆளு எந்த வழியிலயும் வர முடியாம பண்ணிர்றேன். குப்பி எந்திரிச்சதும் அழிச்சாச்சுன்னு காட்டுங்க, அது பையத் தூக்கிட்டு ஊட்டுக்குப் போயிரும். உங்க ரூம் உங்களுக்கு. எதுக்கு வம்பு?"

அவன் சொன்னதில் தப்பே இல்லை. அவள் போனை நீட்டவும் செய்தாள்.

அது அவள் கையிலேயே மணியடித்தது. 'டி.எம். உங்களை ஆட அழைக்கிறார்.' பச்சை ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம்.

பக்ருன்னிசா கையை இழுத்துக்கொண்டாள்.

"அம்மா."

"அவரு என்ன நெனைச்சுட்டு இருக்காரு தெரியுமா? உங்கத்தா மன்னிச்சுட்டாருன்னு. மன்னிச்சுத்தான் வெளையாடக் கூப்பிட்டிருக்காருன்னு. உங்கத்தா கூப்பிடல. நான் காசுக்கு ஆசப்பட்டு ஒரு பச்சைய அமுக்கினேன். செத்தவரு பேர்ல நான் ஒரு மன்னிப்ப அனுப்பிப்போட்டேன்டா. அத இப்படியே விட்டா நாளைக்கு அல்லாகிட்ட நானில்ல பதில் சொல்லோணும்?"

"குப்பி முழிச்சுக்கும்."

"தெரியும்."

அமுக்கினாள். கட்டம் விரிந்தது. மைக் படம் எங்கே இருக்கிறது என்று தேடினாள். மகன் சொல்லித்தரவில்லை. அவளே கண்டுபிடித்துத் தொட்டாள்.

"பாய்?" என்றது குரல். "வந்துட்டீங்களா பாய்?"

"பாய் இல்லீங்க. அவரு சம்சாரம் பேசறேன்."

ஹாலில் குறட்டை அறுந்தது.

"ஏனுங்க அம்மணி, நல்லாருக்கீங்களா? பாய்..."

"அவரு மவுத்தாயிட்டாருங்க. ரெண்டு மாசம் ஆச்சு. உங்களுக்குச் சொல்லாம விட்டது எங்க தப்பு. வெளையாடக் கூப்பிட்டது அவரு இல்லீங்க, நான்தான். இந்தப் போன் எனக்குப் புதுசு. கைதவறி எல்லாருக்கும் போயிருச்சு. இத்தன நாளும் உங்ககூட ஆடினதும் நான்தான்."

கதவருகே ஜொஹரா நின்றாள். முந்தானையைத் தலைக்கு இழுத்தபடி, "பக்ரு, யாரு அது? ஆம்பளையா?" என்றாள்.

போனுக்குள் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு யாரோ அதை நிறுத்தினார்கள். திரையில் அவர் முறைக்கான நேரம் ஓடி முடிந்தது. உருட்ட ஆளில்லாததால் ஆப் தானே உருட்டி, தானே நகர்த்தி, அவளுடைய சிவப்புக் காயை வெட்டி வீட்டுக்கு அனுப்பியது.

"நெசமாங்களா?" என்றார் திருமூர்த்தி. குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "உம்ரான்னுதானே தம்பி..."

"இல்லீங்க."

"எப்பங்க? எந்த நாளுங்க அம்மணி?"

தாரிக் முழங்காலில் எழுந்து அவள் பக்கம் வந்தான். வாய்க்குள்ளேயே சொன்னான்.

"சொல்லுங்க. தேதியச் சொல்லுங்கம்மா."

தேதியைச் சொன்னால் போதும். வேறு ஒரு வார்த்தை வேண்டாம். அந்த மனிதர் அந்த நாளை மறந்திருக்கமாட்டார். காலையில் கத்தினார், மத்தியானம் பாய் போய்விட்டார். கணக்குப் போட எவ்வளவு நேரமாகும்? அதற்குப் பிறகு எத்தனை வருஷம் இருக்கிறாரோ அத்தனை வருஷமும் அதைப் போட்டுக்கொண்டே இருப்பார்.

"எந்தம்பி மவுத்தானது..." என்று ஜொஹரா கதவிலிருந்து ஆரம்பித்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. கேட்டதற்குப் பதில் சொல்லுகிறாள், அவ்வளவுதான். பக்ருன்னிசா கையை உயர்த்தித் தடுத்தாள். அந்த வீட்டில் மதினியின் வாயை அவள் தடுத்தது அதுதான் முதல் தடவை. ஜொஹரா திகைத்து நிறுத்திவிட்டாள்.

"நாளைக்கு ஜும்ஆத் தொழுகை முடிஞ்சு ஊட்டுக்கு வாங்க" என்றாள் பக்ருன்னிசா போனில். "நான் முன்னால வர முடியாதுங்க, இத்தால இருக்கறேன். எம் பையன் இருப்பான். அன்னிக்குக் கடைல கூட இருந்தவன் அவன்தான். எப்ப, எப்படின்னு எல்லாம் அவனே உங்களுக்குச் சொல்லுவான்."

"வாரேங்க" என்றார். ஆட்டம் முடிந்தது என்று திரை காட்டியது.

ஜொஹரா ஹாலுக்குப் போனாள். பையை இழுத்துக்கொண்டு வந்து கட்டிலுக்கு அந்தப் பக்கம் சுவரோரமாக வைத்தாள். துண்டு, தொழுகைப் பாய், தைல டப்பா என்று ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் திண்டில் அடுக்கினாள். அடுக்கி முடித்து, "சொன்ன சொல்லு சொன்னதுதான். தப்பா நெனைக்காத" என்றாள்.

"நெனைக்கலீங்க மதினி."

"போன்?"

"எங்கிட்டயே இருக்கட்டும். நாளைக்கு அவரு வழி கேட்டு லூடோலதான் கூப்பிடுவாரு."

ஜொஹரா போனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு டீ போடக் கிளம்பினாள்.

தாரிக் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"என்னைய எதுக்கு மாட்டிவிட்டீங்க?"

"ரெண்டு மாசமா உள்ள வச்சிருந்தது நீ. மனுசன நேர்ல பாத்துச் சொல்லு."

"சொல்லுவேன். அன்னிக்குக் காலைல நீ பேசின, மத்தியானம் எங்கத்தா செத்தாருன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன். வேண்டாம்பீங்களா?"

"வேண்டாங்கல. உனக்குச் சொல்லத் தோணினாச் சொல்லு." பக்ருன்னிசா போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள். "வயசான மனுசன், அவ்வளவு தூரத்துலருந்து வர்றாரு. சொல்லி முடிச்சப்புறம் அவரு எந்திரிச்சுப் போகோணுமல்ல? அப்ப நீதான் கையப் புடிச்சு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட்டிட்டுப் போய் ஏத்திவிடோணும். அத மட்டும் வேற யாரையும் செய்யச் சொல்லாத."

தாரிக் தன் வலது கையைப் பார்த்தான். விரல்களில் சோறு காய்ந்துபோயிருந்தது.